சுடாமல் விளையாடும் கவுண்டர் ஸ்ட்ரைக்: சர்ஃப் பழகிய குறிப்புகள்

கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமை விளையாடும் பலருக்கு அதற்குள்ளேயே இன்னொரு ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பது தெரியாது. தெரிந்தவர்களிலும் நிறையப் பேர் ஒருமுறை உள்ளே போய், முதல் சரிவிலேயே வழுக்கி விழுந்து, இது நமக்குச் சரிப்படாது என்று வந்த வழியே திரும்பியவர்கள். சர்ஃப் என்று அதற்குப் பெயர். எதிரி கிடையாது, வெடிகுண்டு கிடையாது, கையில் கத்தி மட்டும். அந்தரத்தில் மிதக்கும் சாய்வான ராம்ப்களின் பக்கவாட்டில் ஒட்டிச் சறுக்கி, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பறந்து, மேப்பின், அதாவது அந்த ஆட்டக்களத்தின், கடைசிக்குப் போய்ச் சேர வேண்டும். விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தொட்டதும் தூக்கிக்கொண்டுபோய்த் தொடக்கத்தில் நிறுத்திவிடும்.

2004-இல், மாரியோன்டு என்ற பெயரில் மேப்கள் செய்துகொண்டிருந்த சார்லி ஜாய்ஸ், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். செங்குத்தான சரிவில் சரியான பக்கத்துக் கீயை அழுத்திக்கொண்டே இருந்தால் கீழே விழாமல் சறுக்கிக்கொண்டே போகலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. ஆட்டத்தை எழுதியவர்கள் திட்டமிட்டு வைத்தது இல்லை. அதை நம்பி ரசிகர்களே மேப் கட்டினார்கள், நேரம் அளக்கப் பிளகின் என்ற துணை நிரல்கள் எழுதினார்கள், சொந்தக் காசில் சர்வர் நடத்தினார்கள். அடுத்தடுத்த பதிப்புகளாக சோர்ஸ் வந்தது, குளோபல் அஃபென்சிவ் வந்தது, 2023 செப்டம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. ஒவ்வொரு முறையும் சர்ஃபும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே குடிபெயர்ந்தது. ஆட்டத்தை வெளியிடும் வால்வ் நிறுவனத்தின் மெனுவில் மட்டும் அதற்கென்று ஒரு பொத்தான் வரவே இல்லை.

நான் இதற்குள் வந்தது தூக்கத்துக்காக. பிரீமியர் என்ற ரேங்க் போட்டி மோடில் முதலில் 13 ரவுண்டு எடுக்கும் அணிக்கு வெற்றி. 12-12 வரை இழுத்து, ஓவர்டைமில் கோட்டைவிட்டு, அப்படியே போய்ப் படுத்தால் கண்ணை மூடினாலும் அந்தக் கடைசி ஸ்மோக் குண்டின் புகைதான் தெரியும். பல வருஷமாக சர்ஃப் ஆடும் கல்லூரி நண்பன் ஒருவன் சொன்னான்: "மேட்ச் முடிஞ்சதும் அப்படியே போய்ப் படுக்காதடா. அரை மணி நேரம் சர்ஃப் பண்ணிட்டுப் படு." சொன்னவன் சும்மா விடவில்லை, டிஸ்கார்டில் கூடவே உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தான்.

நேரே ஆன்லைன் சர்வருக்குப் போகாமல் சொந்தக் கணினியிலேயே தொடங்குவதுதான் என் கட்சி. அங்கே நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதல்ல காரணம், யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தலைக்கு மேலே டைமர் ஓடும், சாட்டில் யாரோ புதுச் சாதனை படைத்த செய்தி வரும். நிம்மதிக்காகப் போன இடத்தில் இன்னொரு ரேங்கிங் நமக்கு எதற்கு?

ரசிகர்களின் படைப்புகள் குவியும் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் சர்ஃப் என்று தேடினால் மேப்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடினத்தைப் பொறுத்து அவற்றை டியர் 1, டியர் 2 என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். டியர் 1-ஐத் தாண்டி ஆரம்பத்தில் எதையும் தொட வேண்டாம். சர்ஃப்_பிகினர், சர்ஃப்_உட்டோபியா, சர்ஃப்_கிட்சுனே, சர்ஃப்_மெசா ஆகியவை புதியவர்களுக்குக் காலங்காலமாகக் கை காட்டப்படுபவை. சப்ஸ்கிரைப் கொடுத்தால் ஆட்டத்துக்குள் பிளே மெனுவில் ஒர்க்‌ஷாப் மேப்கள் பகுதிக்கு வந்துவிடும்.

மேப் மட்டும் இருந்தால் போதாது, ஆட்டத்தின் சில விதிகளையும் மாற்ற வேண்டும். செட்டிங்ஸில், கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் டெவலப்பர் கன்சோலைத் திறந்துவிட்டு, கேம் என்ற ஃபோல்டருக்குள் சிஎஸ்கோ, அதற்குள் சிஎஃப்ஜி என்று போய், அங்கே சர்ஃப் என்ற பெயரில் ஒரு சிறிய டெக்ஸ்ட் கோப்பு செய்து வைத்தேன். முக்கியமான வரி எஸ்வி_ஏர்ஆக்ஸிலரேட் 150. வழக்கமான ஆட்டத்தில் இது 12. காற்றில் நம் உடம்பு எவ்வளவு விரைவாக நம் பேச்சைக் கேட்கும் என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது. தரையில் வேகம் எடுப்பதற்கான எஸ்வி_ஆக்ஸிலரேட்டை 5.5-இலிருந்து 10-க்கு ஏற்றினேன். ஸ்பேஸ் பாரைப் பிடித்தபடி தொடர்ந்து குதிக்க ஆட்டோபன்னிஹாப்பிங்கை இயக்கினேன். குதித்து இறங்கினால் களைப்பு ஏற்படும் இரண்டு ஸ்டாமினா எண்களையும் விழுந்தால் அடிபடும் அளவையும் பூஜ்யமாக்கினேன். ரவுண்டு நேரம் 60 நிமிடம், கணினியே ஆட்டுவிக்கும் போட்களுக்கு விடை கொடுத்தாயிற்று. மேப் திறந்ததும் கன்சோலில் எக்ஸெக் சர்ஃப் என்று அடித்தால் எல்லாம் ஒரே மூச்சில் அமலுக்கு வந்துவிடும். எஸ்வி_சீட்ஸ் 1 என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், எதற்கு என்று பின்னால் வருகிறேன்.

மவுஸ் சென்சிட்டிவிட்டியைத் தொடவில்லை. 800 டிபிஐயில் (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 புள்ளி) சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் நகர வேண்டும். சுடுவதற்குப் பழகிய இந்த மந்தமான மவுஸ்தான் சர்ஃபுக்கும் வசதி. கை மெல்ல நகரும்போது பார்வையும் நடுங்காமல் நகரும். சர்ஃபுக்கென்று தனியாக ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. மறுநாள் மேட்சில் குறி தப்பும்போது அவர்கள் யாரைத் திட்டுகிறார்களோ தெரியாது.

சரி, இப்போது ராம்ப். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முகடு, இரு பக்கமும் இறக்கம். அந்த இறக்கத்தில் கீழ்நோக்கி வழுக்காமல், முகட்டுக்கு இணையாக நீளவாக்கில் ஓடுவதுதான் சர்ஃப். கீபோர்டில் டபிள்யூ முன்னாலும், எஸ் பின்னாலும், ஏ இடப்பக்கமும், டி வலப்பக்கமும் நகர்த்தும். முகடு உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் ஏ கீ, வலப்பக்கம் இருந்தால் டி கீ. ராம்பில் கால் பட்டதிலிருந்து விட்டு விலகும்வரை அந்த ஒரே கீயைப் பிடித்திருக்க வேண்டும். எஸ் வேண்டாம், குனிய வேண்டாம், குதிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டபிள்யூ வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடைசி விதியைக் கேட்டுவிட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். ராம்பில் இறங்கியதும் இடது நடுவிரல் தானாகப் போய் டபிள்யூவின் மேல் உட்காரும். பல ஆண்டுகளாக முன்னால் போகவேண்டும் என்றால் அந்த விரல்தானே வேலை செய்திருக்கிறது! நண்பன் என் ஆட்டத்தை ஸ்பெக்டேட் செய்து பார்த்துக்கொண்டிருந்த ராத்திரியில் அவன் சொன்னதெல்லாம் ஒரே வசனம்: "மச்சான், டபிள்யூவ விடு. விடுடா. இப்பவும் புடிச்சிருக்க." சில பேர் அந்தக் கீயின் மூடியையே பிடுங்கி எடுத்து வைத்துவிட்டுப் பழகுவார்களாம். நான் கன்சோலில் அன்பைண்ட் போட்டு டபிள்யூவை முடக்கினேன். அதில் ஒரு சிக்கல்: தொடக்க மேடையிலிருந்து முதல் ராம்புக்கு ஓடிப் போகவாவது முன்னால் நடக்க வேண்டும். அதனால் முன்னால் நடப்பதை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றினேன். கட்டைவிரலால் அதை அழுத்தியபடி ஓடிவந்து, மேடையின் விளிம்பில் விட்டுவிடுவது. பக்கவாட்டுப் பொத்தானுக்கு விரல் தானாகப் போகாது என்பதால் பழைய பழக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. கொஞ்ச நாளில் டபிள்யூவைத் திருப்பிக் கொடுத்தபோது விரல் அதை மறந்திருந்தது.

டபிள்யூ ஏன் கெடுக்கிறது என்று புரிந்தால் விடுவது இன்னும் சுலபம். அதற்கு ஆட்டத்தின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு பரப்பு தரையா இல்லையா என்பதை ஆட்டத்தை இயக்கும் நிரலான இன்ஜின் அதன் சாய்வை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 45.6 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அது தரை இல்லை. தரை இல்லை என்றால் உராய்வும் இல்லை. நாம் ராம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இன்ஜினின் கணக்கில் காற்றில்தான் இருக்கிறோம். காற்றில் இருப்பவருக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு: எந்தத் திசைக்குக் கீ அழுத்துகிறோமோ, அந்தத் திசையில் நமக்கு ஏற்கெனவே இருக்கும் வேகம் நொடிக்கு 30 யூனிட்டுக்குக் (ஆட்டத்துக்குள் நீளத்தை அளக்கும் அலகு) கீழே இருந்தால்தான் கூடுதல் வேகம் கிடைக்கும். 1996-இல் வந்த குவேக் ஆட்டத்திலிருந்து ஹாஃப் லைஃப் வழியாகக் கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு வந்த பரம்பரைச் சொத்து இது.

இதை ராம்பில் வைத்துப் பாருங்கள். 800 யூனிட் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள். டபிள்யூ அழுத்தினால் கேட்பது முன்திசை. அங்கே ஏற்கெனவே 800 இருக்கிறது, 30-ஐ எப்போதோ தாண்டியாயிற்று, அதனால் கிடைப்பது பூஜ்யம். சரி, பயன் இல்லை என்றாலும் கெடுதல் என்ன? ஏ-யும் டபிள்யூவும் சேர்ந்து அழுந்தும்போதுதான் கெடுதல். இப்போது கேட்கும் திசை முன்னும் இடமுமாகக் கோணலாகிவிடுகிறது. அந்தக் கோணல் திசையிலும் உங்கள் வேகம் 560-ஐத் தாண்டி இருக்கும். ஆகவே அங்கேயும் பூஜ்யம். அதாவது ராம்போடு உங்களை ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஏ கீயின் வேலையையும் டபிள்யூ சேர்த்து அழித்துவிடுகிறது. புவியீர்ப்பு தன் வேலையைச் செய்ய, நீங்கள் வழுக்கிக் கீழே போகிறீர்கள். ஏ மட்டும் தனியாக இருந்தால் அது கேட்பது நேர் பக்கவாட்டுத் திசை. அங்கே உங்களுக்கு வேகமே இல்லை, அதனால் கேட்டதெல்லாம் கிடைக்கிறது.

எஸ் கீயின் கதை இதற்கு நேர் எதிர். பின்திசையில் உங்கள் வேகம் மைனஸ் 800. அதனால் இன்ஜின் தாராளமாக அள்ளிக் கொடுக்கும். ஏர்ஆக்ஸிலரேட் 150-இல் இன்ஜின் நொடிக்கு 64 முறை கணக்கிடும்போது ஒவ்வொரு முறையும் 586 யூனிட் வரை குறைக்கலாம். எஸ்-ஐத் தொட்டதும் நடுவானில் சட்டென்று நின்றுவிடுவது இதனால்தான். தெரிந்தே அதைப் பயன்படுத்தும் இடங்கள் கடினமான மேப்களில் உண்டு, நமக்கு இப்போது அது தேவையில்லை.

விரல் அடங்கிய பிறகு முழு ஆட்டமும் மவுஸுக்கு மாறுகிறது. ராம்பில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் பார்வையில்தான் இருக்கிறது. குறியை ராம்பின் நீளத்துக்கு இணையாக வைத்தால் அதே மட்டத்தில் போகலாம். முகட்டுப் பக்கம் லேசாகத் திருப்பினால் மேலே ஏறுவோம். வெளிப்பக்கம் திருப்பினால் ஏ கீயின் திசை முன்னோக்கிச் சாய்ந்து, அந்த 30 விதியில் மாட்டி, பிடி தளர்ந்து கீழே இறங்குவோம். லேசாக என்று நான் சொல்வது உண்மையிலேயே லேசாக. ஏகே துப்பாக்கியால் தலையைத் தேடிச் சட்டென்று வெட்டித் திருப்பிய கைக்கு இது பெரிய தண்டனை. அப்படிச் சட்டென்று திருப்பினால் ராம்பின் உச்சியைத் தாண்டி வானத்துக்குப் போய்விடுவோம், அல்லது பாதி வேகத்தை இழந்து பரிதாபமாக விழுவோம். மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் முழங்கையிலிருந்து நகர்த்திப் பாருங்கள் என்று நண்பன் சொன்னது உதவியது. மவுஸ்பேடில் மவுஸ் நகரும் சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகத் தொடர்ந்து வந்தால் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். ஆட்டத்தின் ஒலியைக் குறைத்துவிட்டால் இது நன்றாகவே கேட்கும்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தியுடன் ஓடினால் தரையில் 250 யூனிட். அதற்கு மேல் கிடைப்பதில் பெரும்பங்கு உயரத்தை விற்று வாங்கியது. 250-இல் ஓடிவந்து 400 யூனிட் ஆழத்துக்குச் சறுக்கி இறங்கினால் வேகம் 838 ஆகியிருக்கும். ஆட்டத்தின் புவியீர்ப்பு எண் 800, பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரம் அப்படியே பொருந்துகிறது. திரும்ப ஏறினால் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். 1000 வேகத்தில் போகிறவர் முழுவதையும் செலவழித்தால் 625 யூனிட் ஏறலாம். ஆட்டத்தில் நிற்கும் ஆளின் உயரம் 72 யூனிட், அதைப்போல எட்டரை மடங்குக்கும் மேல். அதனால் ராம்பில் ஏறியதும் முதல் பாதியில் தயங்காமல் கீழே இறங்கவிட்டு, இரண்டாம் பாதியில் மேலே கொண்டுவந்து, உச்சிக்கு அருகில் விலக வேண்டும். புதியவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உச்சியையே கட்டிப்பிடித்துக்கொண்டு போவார்கள். விழ மாட்டார்கள்தான். ஆனால் அடுத்த ராம்ப் வரை பறக்கத் தேவையான வேகம் கையில் இருக்காது.

காற்றில் திரும்புவது இதைவிடச் சுலபம். இடப்பக்கம் திரும்ப ஏ-யைப் பிடித்தபடி மவுஸும் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்ப டி-யைப் பிடித்தபடி மவுஸும் வலப்பக்கம். கீயும் மவுஸும் எப்போதும் ஒரே கட்சி. இரண்டும் முரண்பட்டால் வேகம் போகும். தொடர்ந்து குதித்தபடி வேகம் எடுக்கும் பன்னிஹாப் பழகியவர்களுக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கும்.

எனக்கு அதிக நேரம் எடுத்தது, இன்றும் எடுப்பது, அடுத்த ராம்பில் போய்ச் சேரும் அந்த ஒரு கணம். போர்டிங் என்கிறார்கள். முதலில் நான் நினைத்தது, எப்படியாவது ராம்பில் பட்டால் போதும், ஏ-யோ டி-யோ பிடித்துக்கொள்ளலாம் என்று. பட்டேன்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் தொப்பென்று மோதிய மாதிரி வேகம் இறங்கியது, மூன்றாவது ராம்புக்குப் போவதற்குள் பறக்க ஒன்றும் மிஞ்சவில்லை. நண்பன் அதே இடத்தில் சத்தமே இல்லாமல் வழுக்கிச் சேர்ந்தான். இருவருக்கும் ஒரே மேப், ஒரே ராம்ப், ஏறக்குறைய ஒரே வேகம்.

வித்தியாசம் வரும் பக்கத்தில் இருந்தது. ஒரு பரப்பில் மோதும்போது, அந்தப் பரப்புக்குள் குத்தும் வேகத்தை மட்டும் இன்ஜின் வெட்டி எறிந்துவிடும், பரப்போடு ஒட்டி ஓடும் வேகத்தை விட்டுவைக்கும். இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 50 டிகிரி சாய்ந்த ராம்ப். முன்னோக்கி 800, கீழ்நோக்கி 600, பக்கவாட்டில் 300 யூனிட் வேகத்தில் வருகிறேன் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேகம் சுமார் 1044. அந்தப் பக்கவாட்டு 300 ராம்பை நோக்கி இருந்தால், மோதிய பிறகு மிஞ்சுவது 843. அதே 300 முகட்டிலிருந்து வெளியே விலகும் திசையில் இருந்தால் மிஞ்சுவது 1032. திசை ஒன்றுதான் மாறியது, கிட்டத்தட்ட 190 யூனிட் வித்தியாசம். மேடையில் ஓடி எடுக்கும் மொத்த வேகமே 250 என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதாவது ராம்பை எதிர்கொண்டு போய் மோதக் கூடாது. முகட்டுக்கு மேலே, கொஞ்சம் மறுபக்கமாகவே பறந்து வந்து, முகட்டைத் தாண்டி வெளிப்பக்கம் இறங்கும்போது, ராம்பின் சரிவும் நாம் விழும் சரிவும் ஒன்றாகும் இடத்தில் தொட வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது ராம்பை விட்டு விலகிப் போவது போல் திருப்புவதற்கு மனசு வராது. விலகினால் தவறிவிடுவோம் என்றுதான் தோன்றும். இங்கேதான் எஸ்வி_சீட்ஸ் கைகொடுத்தது. அது திறந்துவிடும் கட்டளைகளில் ஒன்றான, எதிலும் மோதாமல் பறக்கவிடும் நோகிளிப் போட்டுப் பறந்து அந்த ராம்பின் முகட்டுக்கு மேலே போய் நின்று, கெட்போஸ் என்று அடித்தால் அந்த இடத்தின் எண்களைக் கன்சோல் காட்டும். அதை செட்போஸ் கட்டளையாக ஒரு கீயில் கட்டிவைத்துவிட்டால், விழுந்ததும் ஒரே அழுத்தில் அதே இடத்துக்குத் திரும்பலாம், முதல் ராம்பிலிருந்து வர வேண்டியதில்லை. இதில் ஒரு குறை உண்டு: இடம் திரும்பக் கிடைக்கும், வேகம் கிடைக்காது. நேராகத் தொங்கி விழுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனாலும் எந்தக் கோணத்தில் தொட்டால் சத்தமில்லாமல் சேருகிறது என்று கண்ணுக்குப் பிடிபட அது போதுமானதாக இருந்தது. இடத்தையும் வேகத்தையும் சேர்த்து நினைவில் வைக்கும் பிளகின்கள் சில ஆன்லைன் சர்வர்களில் இருக்கின்றன. இந்த ஒரு வசதிக்காகவே பிறகு அங்கே போக வேண்டியதாயிற்று.

இடையில் ஒரு எச்சரிக்கை. எல்லாம் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே, வழவழவென்று இருக்கும் ராம்பின் நடுவில் கல் தடுக்கினாற்போல் சட்டென்று நின்று கீழே விழுவீர்கள். ராம்ப்பக் என்று இதற்குப் பெயர். மோதலைக் கணக்கிடுவதில் இன்ஜின் சறுக்கும் இடம் அது, உங்கள் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு துண்டுகள் சேரும் விளிம்பில் அடிக்கடி நடக்கும். நல்ல சர்ஃப் சர்வர்கள் இதைச் சரிக்கட்டத் தனியாகப் பிளகின் வைத்திருக்கின்றன. வீட்டுக் கணினியில் வெறும் மேப்பாக ஓட்டும்போது அது இருக்காது. நான் அதற்காக எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, திரும்ப ஓடுவதோடு சரி.

ஆன்லைனுக்குப் போனபோது பிங், அதாவது சர்வருக்கும் நமக்கும் இடையே தகவல் போய்வரும் தாமதம், பற்றிக் கொஞ்சம் பயம் இருந்தது. நல்ல சர்ஃப் சர்வர் என்று பார்த்தால் பெரும்பாலும் கடல் கடந்துதான் இருக்கிறது. போட்டி ஆட்டத்தில் அவ்வளவு பிங்கில் சுட்டால் சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாவோம். சர்ஃபில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. நம் அசைவை நம் கணினியே முன்கூட்டிக் கணித்துக் காட்டிவிடுகிறது, மோதுவதற்கு இன்னொரு ஆளும் இல்லை. பாக்கெட் என்ற தகவல் துண்டுகள் வழியில் தவறும் இணைப்புதான் ஆகாது. வைஃபையில் அவ்வப்போது பின்னுக்கு இழுத்தது, கேபிளுக்கு மாறியதும் நின்றது. சாட்டில் ஆச்சரியக்குறியோடு ஆர் என்று அடித்தால் தொடக்கத்துக்குத் திரும்பலாம், எஸ் என்று போட்டு எண் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்கே போகலாம். பெரும்பாலான சர்வர்களில் இவை இரண்டும் இருக்கும். டைமரையும் மறைத்துவிடலாம். நான் மறைத்துவிட்டேன். வேகத்தைக் காட்டும் எண்ணை மட்டும் திரையின் நடுவில் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் போர்டிங் சரியா தவறா என்று உடனே சொல்வது அது ஒன்றுதான். ராம்பைத் தொடும் கணத்தில் எண் இறங்காமல் இருந்தால் சரி.

முதன்முதலாக ஒரு மேப்பை முழுதாக முடித்தபோது சாட்டில் ஒரு வரி வந்தது, என் பெயரும் நேரமும். அந்த மேப்பைத் தேறியவர்கள் ஒன்றரை நிமிடத்தில் முடிப்பார்கள். என்னுடையது அதைப்போல் பல மடங்கு. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் 'நைஸ்' என்று போட்டார். போட்டி ஆட்டத்தில் எனக்கு அந்த வார்த்தை கிண்டலாகத்தான் வந்திருக்கிறது.

சர்ஃப் ஆடினால் குறி துல்லியமாகும், ரேங்க் ஏறும் என்று சொல்பவர்கள் நிறைய. நான் அதை நம்பவில்லை. சர்ஃபில் கை செய்வது நீண்ட, மெதுவான வளைவு. சுடும்போது கை செய்வது குறுகிய வெட்டு, அப்புறம் நிறுத்தம். இரண்டும் வேறு வேறு வேலைகள். சொல்லப்போனால் சர்ஃப் முடித்த கையோடு மேட்சுக்குப் போனால் முதல் இரண்டு ரவுண்டு கெட்டுத்தான் போகிறது. ஏர்ஆக்ஸிலரேட் 150-க்குப் பழகிய கைக்கு 12 சேற்றில் நடப்பதாகத் தெரிகிறது, குதித்துத் திரும்பும் இடங்களில் கால் போகாமல் சுவரில் முட்டுகிறேன். அதனால் மேட்ச் முதலில், சர்ஃப் கடைசியில் என்ற வரிசையை மாற்றுவதில்லை. எனக்கு அது கொடுத்தது வேறு. தோற்ற மேட்சின் கடைசி ரவுண்டு மண்டையில் ஓடாமல் இருக்க, அந்த இடத்தில் வேறு ஏதாவது ஓட வேண்டும். ராம்பில் இருக்கும்போது அடுத்த முகட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க இடமில்லை. கத்துவதற்கு டீம்மேட்டும் இல்லை. தூக்கம் வருகிறதா என்றால், பெரும்பாலும் வருகிறது. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மணி ஒன்றைத் தாண்டிய ராத்திரிகளும் உண்டு, அதற்கு சர்ஃபைக் குறை சொல்ல முடியாது.

இப்போதைய பிரச்சினை வலப்பக்கம். முகடு இடப்பக்கம் இருக்கும் ராம்ப்களில் ஏ-யைப் பிடித்துக்கொண்டு கை மவுஸை உடம்பின் உட்பக்கமாகக் கொண்டுவரும், அது இதமாக வருகிறது. முகடு வலப்பக்கம் இருக்கும்போது அதே வளைவை வெளிப்பக்கமாகச் செய்ய வேண்டும், அங்கே முழங்கை நாற்காலியின் கைப்பிடியில் இடிக்கிறது. கைப்பிடியை ஓர் அங்குலம் இறக்கிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. கீபோர்டையும் இடப்பக்கம் தள்ளி மவுஸ்பேடை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்கிறான் நண்பன். வரிசையாக வலப்பக்க ராம்ப்களாகவே உள்ள மேப் ஒன்றும் அனுப்பியிருக்கிறான். டியர் 2 என்று போட்டிருக்கிறது. கேட்டால், "டியர் 1 மாதிரிதான் மச்சான், சும்மா போடு" என்கிறான். டபிள்யூ விஷயத்தில் தவிர வேறு எதிலும் இவனை நம்பியதில்லை என்றாலும் சப்ஸ்கிரைப் கொடுத்திருக்கிறேன்.